இடைக்காலப் பயணிகளைப் பற்றிய என் ஆய்வு முடிந்தது. ஏட்டில் இடமில்லாமல் போனவற்றை இங்கே எழுதுகிறேன்

பனைவிளை:

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. வரலாறு ஆய்வேட்டைப் போன வாரம் சமர்ப்பித்துவிட்டேன். வாய்மொழித் தேர்வும் முடிந்தது. ஏழு மாதம் இதே நினைப்பாக இருந்துவிட்டு இப்போது கை சும்மா இருக்கிறது. ஏட்டில் சேர்க்க முடியாமல் போன சிலவற்றை இங்கே எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாகப் போகும்.

என் தலைப்பு, 13, 14ஆம் நூற்றாண்டுகளில் நம் கடற்கரையைப் பற்றி எழுதிய மூன்று பயணிகள். வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, மொரோக்கோவின் தாஞ்சியரில் பிறந்த இபின் பதூதா, சீனத்து வாங் தாயுவான். போலோ சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் 1290களின் தொடக்கத்தில் பாண்டிய நாட்டுக் கரையைத் தொட்டார். வாங் தாயுவான் 1330களில் கடலோடியவர், 1349இல் தன் நூலை முடித்தார். இபின் பதூதா மதுரைக்கு வந்தது 1344 வாக்கில். அப்போது அங்கே சுல்தான்களின் ஆட்சி.

தொடங்கும்போது என் திட்டம் எளிமையானது. இவர்கள் சொன்னதில் எது உண்மை, எது பொய் என்று இரண்டு பட்டியல் போட வேண்டும், அவ்வளவுதான். முதல் இரண்டு மாதம் அதைத்தான் செய்தேன். இந்த நாட்டு மக்கள் பாத்திரத்தை உதட்டில் வைக்க மாட்டார்கள், தூக்கி வாயில் ஊற்றிக்கொள்வார்கள் என்கிறார் போலோ. உண்மை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் செம்பில் வாய் வைத்துக் குடித்தால் ஆச்சி விடமாட்டாள். சுவரில் ஊரும் பல்லி எந்தப் பக்கம் சத்தமிடுகிறது என்று பார்த்துத்தான் வியாபாரம் பேசுவார்கள் என்கிறார். அதுவும் உண்மைப் பட்டியலில் போனது.

அப்புறம் அரசரின் கழுத்து மாலை வந்தது. 104 பெரிய முத்தும் மாணிக்கமும் கோத்த பட்டுக்கயிறு, நாள்தோறும் 104 முறை 'பக்கௌத்தா' என்று சொல்லி வழிபடுவார் என்கிறார். அந்தச் சொல் 'பகவதா' என்பது போன்ற ஒன்றாக இருக்க வேண்டும். ஆனால் எண் 108 அல்லவா வர வேண்டும்? இதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? பிசகியது யார்? போலோவின் நினைவா, 1298இல் ஜெனோவா நாட்டுச் சிறையில் அவர் சொல்லச் சொல்ல எழுதிய பீசா ஊர் ருஸ்திக்கெல்லோவின் காதா, பின்னால் படியெடுத்த யாரோ ஒருவரின் கையா? அந்த நூலுக்குச் சுமார் 150 கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. ஒன்றோடு ஒன்று முழுக்க ஒத்துப்போவதில்லை.

அன்றோடு இரண்டு பட்டியல்களையும் விட்டுவிட்டேன். மூன்று வண்ணப் பென்சில் வாங்கினேன். பயணி தானே கண்டது பச்சை, அங்கே யாரோ சொல்லிக் கேட்டது மஞ்சள், வேறொருவர் நூலிலிருந்து எடுத்தது சிவப்பு. நகலெடுத்த தாள்களில் வரி வரியாக வண்ணம் தீட்டினேன். சில இடங்களில் ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு நிறம் வந்தது. என் ஆய்வு என்று எதையாவது சொல்ல முடியும் என்றால் அது அந்தத் தாள்கள்தான்.

நாகப்பட்டினத்துக் கோபுரம் அந்தத் தாள்களால் எனக்குக் கிடைத்தது. வாங் தாயுவான் 'மண் கோபுரம்' என்று ஓர் இடத்தைப் பற்றி நாலே வரி எழுதுகிறார். சமவெளியில் மண்ணும் செங்கல்லுமாக உயர்ந்த ஒரு கோபுரம், அதில் சீன எழுத்தில் வேலை முடிந்த ஆண்டும் மாதமும் பொறித்திருக்கிறது என்கிறார். அந்த ஆண்டு 1267. முழுக்கப் பச்சை. நாகப்பட்டினத்தில் 'புதுவெளிக் கோபுரம்' என்று ஊரார் சொன்ன பழைய செங்கல் கட்டடம்தான் இது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் 1846இல் அதைப் படமாக வரைந்திருக்கிறார். 1867இல் இடித்துவிட்டார்கள். அறுநூறு ஆண்டு நின்ற ஒன்றை என் கொள்ளுத்தாத்தாவின் அப்பா நடந்துபோய்ப் பார்த்திருக்க முடியும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

ஆனால் நான் இதை எழுதுவதற்குக் காரணம் மதுரை.

இபின் பதூதா மதுரைக்குள் நுழைந்தபோது ஊரில் கொள்ளைநோய். பிடித்தவர் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ இறந்தார், தள்ளிப்போனால் நான்காம் நாள். வெளியே போனால் நோயாளிகளும் பிணங்களும்தான் கண்ணில் பட்டன என்கிறார். உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி விற்கப்பட்ட ஓர் அடிமைப் பெண்ணை வாங்கினார், மறுநாள் அவள் இறந்தாள். பிறகு ஒரு தாய் வருகிறாள். முன்பிருந்த சுல்தான் அஹ்ஸன் ஷாவிடம் அமைச்சராக இருந்தவரின் மனைவி. கூடவே எட்டு வயது மகன், சுறுசுறுப்பான, அறிவுள்ள பிள்ளை. வறுமையைச் சொல்லிக் கேட்கிறாள், இவர் பணம் கொடுக்கிறார். தாயும் பிள்ளையும் நல்ல உடல்நலத்தோடு இருந்தார்கள். மறுநாள் அவள் திரும்பி வந்து பிள்ளைக்குக் கபன் துணி கேட்கிறாள்.

இந்த இடத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும்போது முதலில் 'சவச்சீலை' என்று எழுதியிருந்தேன். காயல்பட்டினத்துத் தோழி ஒருத்தி படித்துப் பார்த்து, "யாருமே அப்படிச் சொல்ல மாட்டோம், கபன்தான்" என்றாள். அரபு மூலத்தில் இருக்கும் சொல்லும் 'கஃபன்'தான். ஆங்கிலத்தில் போய்ச் சுற்றி வந்த சொல் எங்கள் பக்கத்துத் தெருவிலேயே இருந்திருக்கிறது.

அதற்கு அடுத்த வரியை இன்னும் என்னால் சாதாரணமாகப் படிக்க முடியவில்லை. அப்போதைய சுல்தான் கியாசுத்தீன் இறந்த சமயத்தில், மற்றவர்களுக்குச் சோறாக்க நெல் குத்துவதற்காகக் கொண்டுவரப்பட்ட பெண்கள் நூற்றுக்கணக்கில் நோயுற்று, வெயிலில் அப்படியே விழுந்து கிடந்ததைப் பார்த்தேன் என்கிறார். பெயர் இல்லை, ஊர் இல்லை. உலக்கை பிடித்த கைகள் என்று மட்டும் தெரிகிறது. அந்த ஆண்டு மதுரையில் நெல் குத்திய பெண்களைப் பற்றி நான் பார்த்த எந்தக் கல்வெட்டிலும் ஒரு சொல் இல்லை. ஆயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து வந்த ஒருவர், தமிழ் தெரியாதவர், அரபியில் சொல்லி வைத்ததால் அவர்கள் இருந்தார்கள் என்று நமக்குத் தெரிகிறது.

இதற்கு நான்கு பக்கம் எழுதியிருந்தேன். வழிகாட்டி ஒரு பத்தியாகக் குறைக்கச் சொன்னார், ஏடு துறைமுகங்களைப் பற்றியது என்று. குறைத்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்த நான்கு பக்கத்துக்கும் ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதால் இங்கே வந்தேன்.

செப்பேடு:

மனமார்ந்த வாழ்த்துகள் அம்மா. நான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்வெட்டுப் படிப்பது இருபது ஆண்டுப் பழக்கம்.

மூன்று வண்ண முறை நல்ல முறை. அதோடு ஒரு நான்காவது வேலையையும் செய்யலாம். பயணி சொல்வதை நம் பக்கத்துச் சான்றோடு வைத்துப் பார்ப்பது. போலோ, மாபாரில் (நம் கிழக்குக் கரைக்கு அரபியர் வைத்த பெயர்) ஐந்து சகோதரர்கள் அரசாள்கிறார்கள், அவர்களில் ஒருவர் 'சொந்தர் பந்தி தாவர்' என்கிறார். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், சுந்தர பாண்டியத் தேவர் என்று காதில் விழும். ஒரே காலத்தில் பல பாண்டியர்கள் ஆண்டதை அவர்களுடைய கல்வெட்டுகளும் காட்டுகின்றன. அந்த நேரத்தில் மூத்த அரசர் மாறவர்மன் குலசேகரன். போலோ அவர்களைச் சகோதரர்கள் என்கிறார். அந்த உறவு முறையைக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். உங்கள் மஞ்சள்.

குதிரை வணிகத்தையும் சேர்த்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒவ்வோர் அரசரும் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரை வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை, இங்கே குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர் இல்லை என்கிறார் போலோ. பாரசீகத்திலிருந்த வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இங்கே வராமலே, அந்தப் பக்கத்துக் கணக்கிலிருந்து பத்தாயிரம் குதிரை ஆண்டுதோறும் போனதாக எழுதுகிறார். ஐந்து அரசர், ஆளுக்கு இரண்டாயிரம், பத்தாயிரம். ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு பேர் ஒரே எண்ணுக்கு வருவது பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இவ்வளவு வட்டமான எண் துறைமுகங்களில் எல்லோரும் சொல்லிக்கொண்ட பேச்சாகவும் இருக்கலாம். நம் கல்வெட்டுகளில் மலைமண்டலத்து, அதாவது கேரளத்து, குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் பெருந்துறைக்குப் போன கதையும் இதே கடற்கரையில்தான் நடக்கிறது. பாண்டியன் பணம் குதிரைக்குப் போனது என்பது ஊர் நினைவில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது பாருங்கள்.

அகழி:

வாழ்த்துகள். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. ஆய்வைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இபின் பதூதாவின் சிரியா, மெக்கா பகுதிகளில் பல பக்கங்கள் அவருக்கு நூற்றைம்பது ஆண்டு முன்னால் 1183 முதல் 1185 வரை பயணம் செய்த இபின் ஜுபைரிடமிருந்து சொல்லுக்குச் சொல் எடுத்தவை. வோல்கா ஆற்றங்கரையில் புல்காருக்குப் போனேன் என்று அவர் சொல்லும் நாள் கணக்கில் அந்தத் தொலைவைக் கடக்கவே முடியாது. சீனப் பயணத்தையும் சந்தேகிப்பவர்கள் இருக்கிறார்கள். போலோவைப் பற்றி 1995இல் ஃபிரான்சிஸ் வுட் எழுதிய நூல் தெரிந்திருக்கும். போலோவின் நூலில் தேநீர் இல்லை, பெண்களின் கால் கட்டுவது இல்லை, பெருஞ்சுவர் இல்லை, சீனாவுக்குப் போனாரா என்றே கேட்டார்.

ஓர் இடத்தில் பொய் சொன்னவர் மதுரையில் மட்டும் உண்மை சொன்னார் என்று எப்படி எடுத்துக்கொள்வது? அந்த எட்டு வயதுப் பிள்ளையின் காட்சி மனதைத் தொடுகிறது. மனதைத் தொடும்படி எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. எழுதியவர் இபின் ஜுஸய், கிரனாடாவிலிருந்து வந்த கவிஞர். சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி, அரசவை படிப்பதற்காக எழுதினார்.

பனைவிளை:

@செப்பேடு ஐயா, சுந்தர பாண்டியத் தேவரை நானும் அப்படித்தான் கண்டுபிடித்தேன், வாய்விட்டுப் படித்து! வட்டமான எண் பற்றிச் சொன்னதை நான் யோசிக்கவில்லை. குறித்துக்கொண்டேன்.

@அகழி, இதே கேள்வியை வாய்மொழித் தேர்விலும் கேட்டார்கள். அங்கே திணறிவிட்டேன். இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

போலோ விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. நாம் படத்தில் பார்க்கும் பெருஞ்சுவர் பெரும்பாலும் மிங் அரசர்கள் கட்டியது, போலோவுக்குப் பிந்தியது. மங்கோலிய இளவரசி கோகேசினைப் பாரசீகத்துக்கு அழைத்துப் போன மூன்று தூதர்களின் பெயரைப் போலோ சொல்கிறார். அதே மூன்று பெயரும் 1290ஆம் ஆண்டுச் சீன அரசு ஆவணம் ஒன்றில் இருப்பதை 1941இல் யாங் ஜிஜியூ எடுத்துக் காட்டினார். அந்த ஆவணத்தைப் போலோ பார்த்திருக்க வழியில்லை. அந்தப் பயணத்தில் தூதர்களோடு கப்பலில் இருந்தால்தான் அந்தப் பெயர்கள் அப்படி நினைவிருக்கும். அந்தக் கப்பல்கள்தான் அவரை நம் பக்கமும் கொண்டுவந்தன.

இபின் பதூதா கடினம். அவரைப் பொய்யர் என்று அவர் ஊரிலேயே பேசிக்கொண்டார்கள். வரலாற்றாசிரியர் இபின் கல்தூன் தன் 'முகத்திமா' என்ற நூலில் அதை எழுதியிருக்கிறார். அவருக்கும் சந்தேகம் வந்து, அமைச்சர் ஃபாரிஸ் இபின் வத்ராரிடம் போய்ச் சொன்னாராம். அமைச்சர் ஒரு கதை சொன்னார். ஓர் அமைச்சரைச் சிறையில் போட்டார்கள், அவர் மகன் அங்கேயே வளர்ந்தான். ஒருநாள் இது என்ன இறைச்சி என்று கேட்டான். ஆட்டிறைச்சி என்றார் அப்பா. ஆடு எப்படி இருக்கும் என்று அவர் விளக்க விளக்க, "எலி மாதிரியா?" என்றே அவன் கேட்டான். சிறையில் அவன் பார்த்த விலங்கு எலி மட்டும்தான். நீ பார்க்காத காரணத்தால் ஒன்றை மறுத்துவிடாதே என்பது அமைச்சரின் பேச்சு.

ஆனால் எனக்கு அதைவிடப் பலமான ஒன்று இருக்கிறது. மதுரையை விட்டுக் கொல்லம் போய், அங்கிருந்து வடக்கே கப்பலில் போகும்போது கடற்கொள்ளைக்காரர்கள் அவரைப் பிடித்தார்கள். இலங்கை அரசர் கொடுத்த முத்தும் மணியும் துணிமணியும் உணவும் எல்லாம் போயின. உடுத்தியிருந்த காற்சட்டை மட்டும் மிஞ்சியது. புகாராவில் எழுதி வைத்த கல்லறை வாசகங்கள் தொலைந்ததும் இந்தியக் கடலில் கொள்ளை போனபோதுதான் என்று அவரே வேறோர் இடத்தில் சொல்கிறார். ஆகவே மதுரையைப் பற்றி அவர் கையில் குறிப்பு எதுவும் மிஞ்சியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் இபின் ஜுஸயிடம் அவர் சொல்லி எழுதிய நூல் 1355இல் முடிந்தது. இடையில் பத்தாண்டு. 1348இல் பெரும் கொள்ளைநோய் டமாஸ்கஸை அழித்ததைப் பார்த்தார். ஊர் திரும்பும் வழியில், தாஸா நகரில், அதே நோயில் தன் தாய் இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்தது.

டமாஸ்கஸை வர்ணிக்க இபின் ஜுபைரின் நூல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மதுரைக்கு யாருடைய நூல் இருந்தது? யாரைப் பார்த்து எழுதுவார்? சிவப்புப் பென்சிலுக்கு அந்தப் பக்கத்தில் வேலையே இல்லை. இன்னொன்று. அந்தப் பக்கத்தில் அவர் தன்னைப் பெருமைப்படுத்திக்கொள்ளவில்லை. சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை. இருவரும் அஹ்ஸன் ஷாவின் மகள்களைக் கட்டியவர்கள். அந்தச் சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதைச் சொல்லி, இது இழிவான செயல், வேறெந்த அரசனும் செய்து நான் அறிந்ததில்லை என்ற பொருளில் எழுதுகிறார். சொந்தக்காரனைப் பற்றி, தன் மதத்து அரசனைப் பற்றி, இன்னொரு முஸ்லிம் அரசவையில் இப்படிச் சொல்ல என்ன ஆதாயம்?

பத்தாண்டு கழித்தும் ஒரு பிள்ளையின் வயது அவருக்கு நினைவிருந்தது. தன் தாயை இழந்தவருக்கு, பிள்ளையை இழந்த அந்தத் தாய் நினைவில் நின்றிருப்பாள் என்று நான் நினைக்கிறேன். இது நிரூபணம் ஆகாது, தெரியும். ஏட்டில் இதை எழுதவில்லை.

வல்லை வெளி:

தங்கச்சி, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். வாசிக்க வாசிக்க விட முடியவில்லை. நீங்கள் பேர் பனைவிளை என்று வைத்திருக்கிறபடியால் ஒன்று கேட்கிறேன். இபின் பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பிறகு மாபார் கரையில் கப்பல் உடைகிற நிலைக்கு வந்தபோது கரைச் சனம் படகில் வந்து காப்பாற்றினார்களே. அவர்கள் காட்டுக்குள் கூட்டிப்போய்ச் சாப்பிடக் கொடுத்த பழத்தை உங்கள் ஏட்டில் என்னவென்று எழுதினீர்கள்?

பனைவிளை:

அண்ணா, அது எனக்குப் பிடித்த இடம். தர்பூசணி போன்ற பழம், 'முக்ல்' மரத்தில் காய்ப்பது, உள்ளே பஞ்சு மாதிரி, அதில் தேன் போன்ற ஒன்று, அதை எடுத்து 'தல்' என்ற இனிப்பு செய்கிறார்கள், சர்க்கரை போல இருக்கும் என்கிறார். முக்ல் என்பது எகிப்துப் பக்கத்துப் பனை. அங்கே அதைப் பார்த்தவர் இங்கே நம் பனையைப் பார்த்ததும் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார். 'தல்' என்பது தாலம், பனைக்குள்ள பழைய பெயர். அந்த இனிப்பைக் கருப்பட்டி என்று எழுதினேன். நாங்கள் கருப்பட்டி ஊர்க்காரர்கள், வேறென்ன தோன்றும்?

நல்ல மீனும் கொடுத்தார்களாம். கடலில் இரவெல்லாம் உடைந்த கப்பலின் பின்பகுதியில் உட்கார்ந்திருந்த ஒருவரை விடியற்காலையில் படகில் வந்து இறக்கி, பனம்பழமும் மீனும் கொடுத்த ஊர் எது என்று தெரிந்துகொள்ள எவ்வளவோ ஆசைப்பட்டேன்.

வல்லை வெளி:

நானும் அதைத்தான் நினைத்தேன். அது கருப்பட்டி இல்லை, தங்கச்சி. திரும்ப ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பழத்துக்குள்ளே பஞ்சு, பஞ்சுக்குள்ளே தேன், அதை எடுத்து இனிப்பு. கருப்பட்டி பதநீரில் செய்வது. பதநீர் பாளையைச் சீவி எடுப்பது. பழத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இவர் பார்த்தது பனாட்டு. எங்கள் அம்மம்மா செய்வா. விழுந்த பனம்பழத்தைத் தோல் உரித்து, அந்தத் தும்பை, இவர் பஞ்சு என்கிறாரே அதைத்தான், பிசைந்து பிசைந்து களியைப் பிழிந்து எடுக்க வேண்டும். பாயில் ஊற்றி வெயிலில் காயவிட்டு, அடுத்த நாள் அதற்கு மேலே இன்னொரு படை, இப்படியே நாட்கணக்கில். தடித்து வந்த பிறகு வெட்டிச் சுருட்டி வைத்தால் மாதக்கணக்காக இருக்கும். பாணியில் ஊறவைத்தால் பாணிப்பனாட்டு. அது வேறு சுவை.

பருவமும் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. மாலத்தீவை விட்டு அவர் வெளிக்கிட்டது 1344 ஆகஸ்ட். பிறகு இலங்கையில் பாவா ஆதம் மலை ஏறி இறங்கி, சுற்றி வந்து புத்தளத்தில் கப்பல் ஏறினார். ஆடி தொடங்கிப் புரட்டாசி வரை பனம்பழம் விழும். கடைசிப் பழமாக இருந்திருக்கும், அல்லது அவர்கள் முன்னரே காயவைத்த பனாட்டாக இருந்திருக்கும்.

செப்பேடு:

இது அருமை. இதை இவ்வளவு தெளிவாகச் சொல்ல மரத்தடியில் வளர்ந்தவரால்தான் முடியும்.

பனைவிளை:

அண்ணா, இதைப் படித்துவிட்டுப் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆச்சியிடம் போய் வரியைப் படித்துக் காட்டினேன். "பழத்துல ஏது கருப்பட்டி?" என்று முதல் கேள்வியே அதுதான். பனம்பழத்தைச் சுட்டுத் தின்போம், அவித்துத் தின்போம், உங்கள் ஊர் மாதிரி பாயில் ஊற்றிக் காயவைத்ததை அவள் பார்த்ததில்லை என்கிறாள். ஏழு மாதமாக இந்த வரி என் மேசையில் இருந்தது, ஆச்சி அடுத்த அறையில் இருந்தாள்.

நாடி:

மருத்துவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். 1344இல் மதுரையில் பரவியது 1347இல் மத்தியதரைக் கடலை எட்டிய பெரும் கொள்ளைநோயே என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். நீங்கள் எடுத்துக் காட்டிய பகுதியில் எத்தனை நாளில் இறந்தார்கள் என்பது இருக்கிறது, நோயின் குறிகள் இல்லை. கட்டியா, வாந்தியா, வயிற்றுப்போக்கா என்று தெரியாமல் பெயர் வைக்கக் கூடாது. ஒன்றிலிருந்து நான்கு நாள் என்பது பல தொற்றுகளுக்குப் பொருந்தும், காலராவுக்கும்தான்.

அவர் தனக்கு வந்த காய்ச்சலுக்குப் புளி குடித்ததைச் சேர்த்தீர்களா? மதுரையில் சாகப் போகிறேன் என்று நினைத்தபோது, அங்கே நிறையக் கிடைக்கும் புளியை ஏறக்குறைய ஒரு ராத்தல் எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன், மூன்று நாள் வயிறு போயிற்று, இறைவன் குணமாக்கினான் என்கிறார். புளி பேதியாக்கும் என்பது சரி. அவர் பிழைத்ததற்கு அது காரணமா என்பதை நான் சொல்ல மாட்டேன். காய்ச்சல்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தது நிச்சயம் உதவியிருக்கும். வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

பனைவிளை:

நன்றி ஐயா. நோயின் பெயரைப் போடாமல் 'கொள்ளைநோய்' என்று மட்டும்தான் ஏட்டில் எழுதினேன். புளியும் இருக்கிறது, அடிக்குறிப்பில்.

கரைமணல்:

அக்கா, நான் பி.ஏ. இரண்டாம் ஆண்டு. எங்களுக்கும் அடுத்த பருவத்தில் சிறு ஆய்வு இருக்கிறது. பயணிகளையே எடுக்கலாம் என்று பார்க்கிறேன். அரபி தெரியாது, சீனம் தெரியாது. ஆங்கிலமும் மெதுவாகத்தான் படிப்பேன். எங்கிருந்து தொடங்குவது?

பனைவிளை:

தம்பியா தங்கையா தெரியவில்லை, எதுவானாலும் சரி, தாராளமாக எடுங்கள்.

முழு நூலை எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் அந்தத் தவறைச் செய்து முதல் மாதத்தை இழந்தேன். ஒரு பயணி, ஓர் ஊர், பத்துப் பக்கம் போதும். நீலகண்ட சாஸ்திரி தொகுத்து 1939இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தொகுப்பு ஒன்று இருக்கிறது. மெகஸ்தனிஸ் தொடங்கி மா ஹுவான் வரை தென்னிந்தியாவைப் பற்றி அயலார் எழுதிய பகுதிகளை மட்டும் ஒரே இடத்தில் ஆங்கிலத்தில் தருகிறார். மெதுவாகப் படித்தாலும் ஒரு மாதத்தில் முடியும். நான் படித்த நூலகப் பிரதியில் நடுவில் சில தாள்கள் இல்லை. வேறு ஊரிலிருந்து நகல் வாங்கினேன். முன்னதாகவே பக்கங்களை எண்ணிப் பாருங்கள்.

மொழி தெரியாததை ஏட்டின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இபின் பதூதாவை நான் படித்தது ஆங்கிலத்தில். அதற்கு முன்னால் 1853 முதல் 1858 வரை பாரீசில் வந்த அரபு, பிரெஞ்சுப் பதிப்பு. அதற்கு முன்னால் கையெழுத்துப் பிரதிகள், அதற்கு முன்னால் இபின் ஜுஸய், அதற்கு முன்னால்தான் பேசிய மனிதர். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி மேசை மேல் ஒட்டி வைத்தேன்.

அப்புறம், ஊர்ப் பெயர்களில் நாள் கணக்கில் மாட்டிக்கொள்ளாதீர்கள். இபின் பதூதா கப்பலேறிய 'ஃபத்தன்' எது என்று ஐந்து வாரம் தேடினேன். பெரியபட்டினம் என்று சொல்வோர் உண்டு. அங்கே சீனப் பீங்கான் ஓடுகள் நிறையக் கிடைத்தது அதற்கு வலு சேர்க்கிறது. வேறு ஊர் சொல்வோரும் உண்டு. இரு பக்கத்தையும் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

செப்பேடு:

நான் ஒன்று சேர்க்கிறேன். கரையோரம் போய்ப் பேசுங்கள். முத்துக்குளிப்பில் சுறாக்களை மந்திரத்தால் கட்டி வைக்கப் பிராமணர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்தார்கள், அரசனுக்குப் பத்தில் ஒன்று என்று போலோ சொல்வதைப் பலர் கட்டுக்கதை என்று தள்ளினார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் நடத்திய முத்துக்குளிப்பிலும் அந்த வேலைக்கு ஆள் இருந்தார், அரசு கூலி கொடுத்தது. அவருக்குப் பெயர் 'கடல்கட்டி'. அதற்குள் மதம் மாறியிருந்தது, ஆள் மாறியிருந்தார், வேலை மாறவில்லை. மந்திரம் பலித்ததா என்பது வேறு கேள்வி. கடல்கட்டி வந்தால்தான் முத்துக்குளிப்போர் இறங்குவார்கள்.

அகழி:

பனைவிளை, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். மதுரைக்கு யாருடைய நூல் இருந்தது என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இபின் ஜுஸய் சொல்லழகு சேர்த்திருக்கலாம் என்ற ஐயம் இன்னும் இருக்கிறது. ஆனால் சொல்லழகு சேர்ப்பவர் நெல் குத்தும் பெண்களைக் கற்பனை செய்திருக்க மாட்டார். மொரோக்கோவில் கோதுமை தின்னும் அரசவைக் கவிஞருக்கு அரிசி குத்துவது எதற்கு நினைவுக்கு வருகிறது? அந்த வரியைப் பச்சை என்றே ஒப்புக்கொள்கிறேன்.

குறைத்த நான்கு பக்கத்தையும் தனிக் கட்டுரையாக எழுதுங்கள். நான் எதிர்க்கட்சியாக இருந்து திருத்தித் தருகிறேன்.

பனைவிளை:

அரிசி பற்றிச் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, அகழி. கட்டுரையை எழுதி உங்களுக்குத்தான் முதலில் அனுப்புவேன்.

வல்லை வெளி அண்ணா, ஏட்டின் மூன்று பிரதிகளில் இரண்டு கல்லூரியில் போய்ச் சேர்ந்துவிட்டன, அவற்றை இனி மாற்ற முடியாது. மூன்றாவது என் கையில் இருக்கிறது. 61ஆம் பக்கத்தில் 'கருப்பட்டி' என்ற சொல்லைப் பென்சிலால் அடித்துவிட்டுப் பக்கத்தில் 'பனாட்டு' என்று எழுதியிருக்கிறேன். எங்கள் தோட்டத்தில் நாலு மரம் இருக்கிறது. ஆவணியில் பழம் விழும்போது செய்து பார்க்கலாம் என்கிறாள் ஆச்சி. தும்பைப் பிசையும்போது தண்ணீர் சேர்க்க வேண்டுமா, பாய்க்கு எண்ணெய் தடவ வேண்டுமா, இதெல்லாம் அம்மம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.